தாள் ஒட்டிய தபால் பெட்டி

ஐயா,

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வேலை செய்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் வர்ச்சுவல் மெஷினுக்கு (மென்பொருளில் இயங்கும் கணினிக்கு) மெமரி கூட்டும் ஹாட்பிளக் பகுதி. மெமரியின் சிறு துண்டுகளான பேஜ்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துக் கணக்கெடுக்கும் எங்கள் மாட்யூல், மெமரி கூட்டியதும் சில மெஷின்களில் கிராஷ் ஆகி விழுகிறது, சிலவற்றில் விழுவதில்லை. லாகில் பேஜ் 'பாய்ஸன்' (விஷம்) என்று வருகிறது. மெமரியை அப்படியே கொட்டிப் பார்க்கும் டம்ப்பில் எல்லாம் எஃப், அதாவது எல்லா பிட்டும் 1, வெறும் குப்பை. மெமரியே கெட்டிருக்குமோ? எல்லா பிட்டும் 1 என்றால் தாண்டிப் போ என்று ஒரு நிபந்தனை போட்டேன், நின்றுவிட்டது. ஆனால் மூன்று வாரம் போய்விட்டது. பேசாமல் வெப் பக்கம் போய்விடலாமா? ஏஐயே இதையெல்லாம் செய்துவிடும் என்கிறார்களே?

— பொங்கோல் வாசகர்

அன்புள்ள தம்பி,

ஏஐ பற்றி வேறு யாரிடமாவது கேளுங்கள். மெமரி கெட்டிருக்கிறதா என்றால், இல்லை. வன்பொருள் பழுதைச் சொல்லும் பாய்ஸன் வேறு, இது வேறு. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'குப்பை' என்ற சொல். சில நாளாக அப்பாவின் நினைவாகவே இருந்தேன், நீங்களும் சரியாக அங்கே வந்து கை வைத்தீர்கள்.

அப்பா தபால்காரர். எண்பதுகளில் சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன. புளோக்குக்கு எண் எழுதியாயிற்று, கீழே தபால் பெட்டிகள் வரிசையாக மாட்டியாயிற்று, பாதி வீட்டில் ஆள் கிடையாது. ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து ஒரு ஏர்மெயில். பெட்டி நிறைய விளம்பரத் தாள். குடும்பம் இருக்கிறது, எடுக்கத்தான் சோம்பல் என்று நினைத்துப் போட்டுவிட்டார். அவர்கள் குடிவந்தது மூன்று மாதம் கழித்து. அது சாவுச் செய்தி.

அதன்பின் ஆளில்லாத பெட்டிகளின் வாயில் பழுப்புத் தாள் ஒட்டிவைப்பார்.

கெர்னல் செய்வதும் இதைத்தான். எக்ஸ்86-64 மெஷினில் மெமரியைப் பிரித்து வைக்கும் ஒரு செக்ஷன் 128 எம்பி. 4 கேபி வீதம் 32,768 பேஜ். ஒவ்வொன்றுக்கும் அதன் விவரம் எழுத 64 பைட்டில் ஒரு ஸ்ட்ரக்ட் பேஜ், அதுதான் நம் தபால் பெட்டி, ஆக 2 எம்பி வெறும் பெட்டிகளுக்கே போகிறது. மெமரியைச் சேர்க்கும்போது பெட்டி மாட்டுவதோடு சரி. அதைப் பயன்பாட்டுக்குத் திறந்து ஆன்லைன் ஆக்கும்போதுதான் அவற்றில் முறையான மதிப்புகளை எழுதுகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் யாரும் அவசரப்பட்டுப் படித்துவிடக் கூடாதே என்று, பிழை தேட உதவும் டிபக் வசதியோடு கட்டிய கெர்னல் எல்லா பிட்டையும் 1 ஆக்கி வைக்கிறது. உங்கள் எஃப் அதுதான். ஒருவர் யோசித்து ஒட்டிய தாளைக் குப்பை என்கிறீர்களே, கோபம் வராதா எனக்கு?

அந்த நிபந்தனைக்கு வருகிறேன். தாள் இருந்தால் தாண்டிப் போவீர்கள், சரி. வாடிக்கையாளரிடம் போகும் கெர்னலை டிபக் இல்லாமல்தானே கட்டுவீர்கள்? அங்கே தாள் ஒட்ட ஆளில்லை. பழைய விளம்பரங்கள்தான் பெட்டியில் கிடக்கும், நீங்கள் குடும்பம் இருக்கிறது என்று நினைத்துக் கடிதத்தைப் போடுவீர்கள். நீங்கள் பிழையைத் திருத்தவில்லை தம்பி, அது தெரிகிற இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறீர்கள். மூன்று வாரம் போனதில் எனக்கு வருத்தமில்லை, நானும் ஒரு பிட்டுக்காக ஒரு மாதம் தூங்காதவன். இது மட்டும் சோம்பேறித்தனம்.

உங்கள் மாட்யூலைத் திறந்து பாருங்கள். 'பிஎஃப்என் வேலிட்' (இந்தப் பேஜ் எண் செல்லுமா) என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போயிருப்பீர்கள். அது பெட்டி மாட்டியிருக்கிறதா என்ற கேள்வி. ஆள் இருக்கிறாரா என்று கேட்க 'பிஎஃப்என் டு ஆன்லைன் பேஜ்' தனியாக இருக்கிறது. சில மெஷினில் விழாததற்கும் மாயம் ஏதுமில்லை. தானாக ஆன்லைன் ஆகும் அமைப்பு அங்கே போட்டிருக்கும், அந்த இடைவெளி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். விழும் மெஷினில், கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த மெமரி பிளாக்கின் ஸ்டேட் என்னவென்று பாருங்கள். 'ஆஃப்லைன்' என்றுதான் இருக்கும்.

அப்பா விடுப்பில் போனால் மாற்று ஆள் தாள் ஒட்டமாட்டார். அந்த நாட்களில் வீட்டிலிருந்துகொண்டே அப்பா படும் அவஸ்தை இருக்கிறதே. ஒரு தடவை காய்ச்சலோடு கிளம்பிவிட்டார், கையில் பசை டப்பா. அம்மா திட்டிக்கொண்டே குடை பிடித்துப் பின்னால் போனாள்.

வெப் பக்கம் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த நிபந்தனையை எடுங்கள். எடுத்துவிட்டு எழுதுங்கள், பேசலாம்.