புதிதாக ஹாம் உரிமம் வாங்கியவர் முதல் செட்டாக டிஜிட்டல் ரேடியோ வாங்கலாமா?

இப்போதுதான் ஹாம் உரிமம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேச அரசு தரும் அனுமதி) வந்திருக்கிறது, சாதாரண எஃப்எம் ஹேண்டி (அனலாக் முறையில் பேசும் கையடக்க செட்) வாங்குவதா, டிஎம்ஆர் (குரலை எண்களாக மாற்றி அனுப்பும் ஒரு டிஜிட்டல் வகை) வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் ஒரு செட்டுக்குத்தான் பணம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் டிஎம்ஆர் ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். 2017-இல் பட்டுக்கோட்டையில் இருந்தபோது நான் அதை விசாரிக்காமல் வாங்கினேன். 404 என்று தொடங்கும் ஏழு இலக்க டிஎம்ஆர் ஐடி வாங்கி, கலர் கோடு, டைம் ஸ்லாட், டாக் குரூப் என்று அதற்கு வேண்டிய அமைப்புகளை எல்லாம் கணினி வழியாகச் செட்டில் ஏற்றி முடிக்க இரண்டு இரவு ஆனது. செட்டை ஆன் செய்தால் ஒரு குரலும் இல்லை. எங்கள் பக்கம் எட்டுகிற ரிப்பீட்டரே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. விற்றவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு ஒரு ஹாட்ஸ்பாட் (ஹேண்டியின் சிக்னலை இணையம் வழியே மற்ற ஹாம்களுக்குக் கொண்டுபோகும் கருவி) வாங்கி வீட்டு இணையத்தில் இணைத்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பலகை, 10 மில்லிவாட்தான் அனுப்பும். முதல் வாரமே மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் ஒரு பெரியவர் கிடைத்தார். "அங்க மழை உண்டா தம்பி?" என்று அவர் கேட்டது பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டிஜிட்டல் பிடிக்காத பழைய ஆள் என்று யாராவது என்னை நினைத்தால் அது தவறு.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் தென்னை கிடக்கிறது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, இணையமும் இல்லை. ஹாட்ஸ்பாட்டால் ஒரு பயனும் இல்லாமல் போயிற்று. அதே ஹேண்டியை அனலாக் எஃப்எம்முக்கு மாற்றி, பழைய டிவி ரிப்பன் வயரில் நானே செய்திருந்த ஆண்டெனாவை மாடியில் மூங்கிலில் கட்டி, 145 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டேன். ஒரத்தநாடு பக்கத்து நண்பர் இரைச்சலுக்கு நடுவே கேட்டார். மூன்று வார்த்தைக்கு ஒன்று போனாலும் விஷயம் புரிந்தது. டிஜிட்டலாக இருந்தால் அந்த அளவுக்கு சிக்னல் மெலிந்ததும் பேச்சு உடைந்து ஒன்றுமே கேட்காமல் போயிருக்கும். அவர் கார் பேட்டரியில் 40 மீட்டர் பேண்டில் (தொலைதூரம் போகும் சிற்றலையில்) சென்னையைப் பிடித்தார். "அம்மா நல்லா இருக்காங்க, மாட்டுக்கொட்டகைதான் போச்சு" என்று எதிர்வீட்டுப் பாட்டி சொன்ன செய்தி அங்கிருந்து போனில் கோயம்புத்தூர் மகனுக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டி என் கையிலிருந்த செட்டைத் தொட்டுக் கும்பிட்டார்.

டிஎம்ஆர் செட்டும் அனலாக் பேசுமே என்பீர்கள். உண்மைதான், என்னைக் காப்பாற்றியதே அதுதான். அதனால் வாங்கினால் இரண்டும் உள்ளதாகப் பாருங்கள். நண்பர்கள் எதில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். டி-ஸ்டார், சி4எஃப்எம், டிஎம்ஆர் என்ற மூன்று டிஜிட்டல் வகைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது.

எந்தச் செட் வாங்கினாலும் ஆண்டெனா வைக்க இடம் கிடைக்குமா என்றும் பாருங்கள், என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இப்போது திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மொட்டை மாடியில் பதினொரு டிஷ் இருக்கிறது, என்னுடைய ஒன்றரை மீட்டர் ஆண்டெனாவுக்கு மட்டும் குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி இல்லை. உரிமத்தைக் காட்டியும் "ரேடியேஷன்" என்கிறார்கள். இரண்டு வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ரிப்பீட்டரும் இல்லை, நிலையான இணையமும் இல்லை என்றால் சாதாரண எஃப்எம் செட்டே போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஆண்டெனாவும் கூடுதலாக ஒரு பேட்டரியும் வாங்குங்கள். எந்த ஊர் என்று எழுதினால், அங்கே என்ன கேட்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.