எல்க் கறிக்கு பிளாஸ்டிக் கவர் வேண்டாம்

ப்ரோ, செப்டம்பர்ல அமெரிக்காவோட கொலராடோ மாநிலத்துல வேட்டையாடுன எல்க் (பெரிய மான் வகை) கறி மறுநாளே பிசுபிசுன்னு ஆகி வாடை வந்துச்சுன்னு கேட்டிருந்தீங்க, நீங்க போட்ட குப்பைக் கவர்தான் காரணம், உடம்புச் சூடும் ஈரமும் வெளிய போக வழியே இல்ல. காத்துப் போற துணி கேம் பேக் (வேட்டைக் கறியைப் போட்டு வைக்கிற பை) வாங்குங்க, வலை மாதிரி இழுபடுற மலிவுப் பை வேண்டவே வேண்டாம், ஈ மேல உக்காந்தே உள்ள முட்டை வச்சிரும். தோலை உடனே உரிச்சு, பின்னங்கால் எலும்பை எடுத்துருங்க, தொடை எலும்பை ஒட்டித்தான் சூடு கடைசி வரைக்கும் நிக்கும், கெட்டுப்போறதும் அங்கதான் ஆரம்பிக்கும் (ஆணா பெண்ணான்னு காட்டுற உறுப்பு மட்டும் கறியோட ஒட்டியே இருக்கணும், கொலராடோ சட்டம் அது). அப்புறம் நிழல்ல, ஓடைப் பக்கமா, பை ஒண்ணோட ஒண்ணு இடிக்காம தொங்கவிடுங்க. மேல்பக்கம் காஞ்சு, தொட்டா கையில ஒட்டாத படலம் வரணும். பகல்ல வெயில் ஏறுதுன்னா காத்திருக்காம ஐஸ் பெட்டிக்கு மாத்துங்க, 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இருக்கணும், உருகுன தண்ணியில கறி ஊறக்கூடாது.