பிஎம்டபிள்யூ எஃப்30 காருக்கு எந்தக் கோளாறு ஸ்கேனர்?

சத்துவாச்சாரி நண்பருக்கு,

உங்கள் 2014 பிஎம்டபிள்யூ 320டி (எஃப்30) காரில் புது பேட்டரி போட்டு இரண்டு மாதத்திலேயே மறுபடி பேட்டரி எச்சரிக்கை வருகிறது, மெக்கானிக்கின் மலிவு ப்ளூடூத் ஸ்கேனரில் ஒன்றும் தெரியவில்லை, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த ஸ்கேனரைக் குறை சொல்ல முடியாது. அது பொதுவாக இன்ஜின், புகை சம்பந்தப்பட்ட கோளாறுக் குறியீடுகளைத்தான் படிக்கும். உங்கள் வண்டியில் பேட்டரி மாற்றினால் அதை 'ரிஜிஸ்டர்' செய்ய வேண்டும், அதாவது புது பேட்டரி போட்டதை வண்டியின் கணினிக்குச் சொல்ல வேண்டும். செய்யாவிட்டால் வண்டி பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றும். முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். ஏஜிஎம் (கண்ணாடி இழை விரிப்பில் அமிலம் ஊறியிருக்கும் வகை) பேட்டரி இருந்த இடத்தில் சாதாரண பேட்டரியோ வேறு ஆம்பியர்-ஹவரோ (பேட்டரியின் கொள்ளளவு) வந்திருந்தால் கோடிங்கும், அதாவது வண்டிக் கணினியில் பதிந்திருக்கும் பேட்டரி விவரமும், மாற்ற வேண்டும்.

ரிஜிஸ்டர் மட்டும் என்றால் பிம்மர்லிங்க் ஆப்பும், அது ஏற்கும் அடாப்டரும் போதும். முழு வண்டியையும் பார்க்க வண்டியை லேப்டாப்போடு இணைக்கும் ஈநெட் கேபிள், விண்டோஸ் லேப்டாப்பில் இஸ்டா (பிஎம்டபிள்யூவின் சொந்தக் கோளாறு பார்க்கும் மென்பொருள்) வேண்டும். கே-டிகேன் என்ற இன்னொரு கேபிள் எஃப்30-க்கு முந்தைய பழைய இ-சீரிஸ் பிஎம்டபிள்யூக்களுக்கு. அவசரத்தில் நான் வாங்கியது இன்னும் பரணில் கிடக்கிறது!

இஸ்டாவில் கோளாறு பார்ப்பதோடு நிறுத்துங்கள். புரோகிராமிங் (வண்டிக் கணினிகளின் மென்பொருளை மாற்றுவது) நடுவில் மின்னழுத்தம் இறங்கினால் கன்ட்ரோல் யூனிட்டே போய்விடலாம். வேலூர் வெயிலுக்கு வண்டி ஏசியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பில் உட்காரவும் வேண்டாம், பேட்டரி இறங்கும்.

அப்புறம், தினமும் காட்பாடி ஸ்டேஷன் வரை மட்டும்தான் ஓட்டுகிறீர்களா? அந்தக் குறைந்த தூரத்தில் பேட்டரி சரியாக நிரம்பாமல் போகலாம்.