மாக்ஸ் ப்ரூக்கின் முதல் வயலின் கான்செர்ட்டோ: கேள்வி பதில்

கே: ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வயலின் வாசிக்கும் இந்தப் படைப்பை எழுதிய ஜெர்மன் இசையமைப்பாளர் பெயர் ப்ரூச்சா, ப்ரூக்கா?

ப: ப்ரூக். லேசாகத் தொண்டையைச் செருமி முடியுங்கள்.

கே: தொடக்கத்தில் தனி வயலின் நுழையும் அந்த ஒரே ஸ்வரத்தில் என் ஆசிரியை என்னை இரண்டு வாரமாக நிறுத்தி வைத்திருக்கிறார். நியாயமா?

ப: நல்ல ஆசிரியை, விட்டுவிடாதீர்கள். டிம்பனி முரசு மெல்ல அதிர்கிறது, குழல்கள் ஒரு வரி சொல்லி ஓய்கின்றன, அப்புறம் நீங்கள் மட்டும். அந்த ஸ்வரம் வயலினிலேயே ஆகக் கீழே உள்ள ஜி. விரல் படாத வெறும் தந்தி என்பதால் இடது கையை அசைத்து இனிமை கூட்ட வழியில்லை, எல்லாம் வில்தான். அழுத்தினால் கரகரக்கும், பயந்து தூக்கினால் வெறும் காற்று. ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கூடவே வாசித்துப் பழகாதீர்கள். அந்த இடத்தில் காலப்பிரமாணத்தை வாசிப்பவரிடமே விட்டிருக்கிறார் ப்ரூக்.

கே: எந்தப் பதிவு சிறந்தது?

ப: பிடித்தது எதுவும். கூடவே வாசிக்காதவரை.

கே: முதல் பகுதி முடிந்ததும் கைதட்டலாமா?

ப: முடிந்தால்தானே! நிற்காமல் அடாஜியோ என்ற மெதுவான இரண்டாம் பகுதிக்குள் போய்விடுகிறது. முதல் பகுதிக்குப் பெயரே ‘முன்னிசை’தான். இதை கான்செர்ட்டோ என்பதா, கட்டற்ற வடிவமான ஃபேன்டசி என்பதா என்று ப்ரூக்குக்கே குழப்பம். கான்செர்ட்டோதான் என்றவர் வயலின் மேதை யோசப் யோவாகிம்.

கே: இதன் உரிமையைப் போய் வெறும் 250 தாலருக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) சிம்ராக் பதிப்பகத்துக்கு விற்றாரே, ஏமாளிதானே?

ப: ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று இதே கேள்வியில் இதற்குள் ஆறு பேர் மோதிக்கொண்டாயிற்று. 1866-இல் கோப்லென்ஸில் அரங்கேற்றியவர் திருப்தியில்லாமல் யோவாகிமின் யோசனை கேட்டுத் திருத்தி, 1868-இல் பிரேமனில் அவரையே வாசிக்க வைத்தார். அப்போது ப்ரூக்குக்கு வயது முப்பது. மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு உரிமையைப் பதிப்பாளரிடம் கொடுப்பது அன்று சாதாரணம். இத்தனை காலம் ஓடும் என்று யார் கண்டார்கள்? நான் ஏமாளித்தனம் என்பது 1920-இல் நடந்ததை. கையெழுத்துப் பிரதியை விற்றுத் தரச் சொல்லி சூட்ரோ சகோதரிகள் என்ற அமெரிக்க பியானோ ஜோடியிடம் கொடுத்தார். அதே ஆண்டு இறந்தும் போனார். குடும்பத்துக்கு வந்தது மதிப்பிழந்த ஜெர்மன் நோட்டுகள். பிரதி சகோதரிகளிடமே இருந்து 1949-இல் கைமாறியது. இப்போது நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது.

கே: அப்படியானால் சிம்ராக் பதிப்பகம் மேல் தப்பே இல்லை என்கிறீர்களா?

ப: நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஏழாவது ஆளா நீங்கள்?

கே: கடைசியாக, பதிவுகளில் எது…

ப: மேலே பாருங்கள்.