கழுத்தில் போடும் ஊசியும் அம்மாவின் இதயமும்

வணக்கம் அக்கா,

உங்கள் கை நோவைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்கு 61 வயது. போன வருசம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் கை நெருப்பாய் எரிகிறது என்கிறா. சேலை உரசினாலும் தாங்கமாட்டா. கொழும்பில் கழுத்தில் விறைப்பு ஊசி போடலாம் என்கிறார்கள். இரண்டு வருசத்துக்கு முன் இதய இரத்தக் குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தவ. ஊசி போட்டால் நெஞ்சு நின்றுவிடும் என்று அயலில் சொல்கிறார்கள். உண்மையா?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி

அன்புள்ள தம்பி,

போடலாமா வேண்டாமா என்பதை அம்மாவைப் பார்க்கிற டொக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் அயலவர்களின் பயம் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. கழுத்தும் நெஞ்சும் சேருமிடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நரம்பு முடிச்சு இருக்கிறது. நோ உள்ள பக்கத்து முடிச்சைத்தான் இந்த ஊசி கொஞ்ச நேரம் விறைக்க வைக்கிறது. கையின் இரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கும் நரம்புகள் அதன் வழியாகத்தான் போகின்றன. இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் நரம்புகளும் அதே வழிதான். கைக்கென்று போடுகிற மருந்து இதயத்துக்கும் கேட்டுவிடும்.

எனக்குப் போட்டது இடது பக்கம். தோளுக்கடியில் தலையணை வைத்து, ஸ்கானில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில், மாதக்கணக்காய்க் குளிர்ந்து கிடந்த விரல்களில் சூடு ஏறியது. வெந்நீரில் கை வைத்தது போல இருந்தது. ஈசீஜி மெஷினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். அது மாறவே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நாடித் துடிப்பிலும் பிரஷரிலும் சிறிய மாற்றம்தான் வரும்.

உங்கள் அம்மாவுக்கு வலது பக்கம். இதயத் துடிப்பைத் தொடக்கி வைக்கும் இடத்துக்கு அந்தப் பக்க நரம்புகளோடுதான் தொடர்பு கூட, அதனால் துடிப்பு கொஞ்சம் மெதுவாகலாம். துடிப்பைக் குறைக்கும் குளிசை ஏதும் அவ எடுத்தால் டொக்டருக்கு அது கட்டாயம் தெரியவேண்டும். இடது பக்க நரம்புகள் கூடுதலாய் இதயத்தின் கீழறைகளுக்குப் போகின்றன. அந்தக் கீழறைகள் தாறுமாறாய்த் துடித்து, ஷொக் கொடுத்தும் அடங்காதவர்களுக்கு இதே ஊசியைப் போட்டு உயிரைக் காப்பாற்றுகிறார்கள். நெஞ்சை நிறுத்தும் ஊசி என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இதயத்துக்கு உண்மையான ஆபத்து, மருந்து தவறிப்போய் இரத்தக் குழாய்க்குள் போவதுதான். பியூபிவகேன் என்ற விறைப்பு மருந்து இதயத் தசையைப் பற்றிக்கொண்டால் இலேசில் விடாது. அதனால்தான் சிரிஞ்சின் தண்டைப் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாய்ச் செலுத்துகிறார்கள். வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், உதட்டைச் சுற்றி விறைப்பு வந்தால் அம்மா உடனே சொல்லவேண்டும். அந்த மருந்தின் நஞ்சை முறிக்க 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை நாளத்தில் ஏற்றுவார்கள். 1998-இல் எலிகளில் பலன் கண்டு, 2006 முதல் மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள். அது அந்த அறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

சரி, இனி எனக்கு இந்த ஊசியைவிடப் பயம் தருகிற இரண்டு விசயங்கள். முதலாவது ஸ்டென்ட் குளிசை. ஊசி போட்டால் இரத்தம் கசியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அஸ்பிரினையோ கிளோப்பிடோகிரலையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தம்பி. நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பே வரலாம். எதை நிறுத்துவது, எத்தனை நாளுக்கு என்பதை இதய டொக்டரும் நோ டொக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

மற்றது டைக்ளோபெனக் என்ற நோக் குளிசை. கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஒரு வருசமாய் எரிகிற கையோடு இருப்பவர் பாமசியில் வாங்கிப் போடாமல் இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நானும் போட்டேன். இதய வருத்தக்காரருக்கு அது மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிற குளிசை. ஊசியைப் பற்றி ஊரே பேசும், இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அம்மாவின் குளிசை எல்லாவற்றையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அவ சீனி வருத்தக்காரியா என்பதையும் சொல்லுங்கள். ஊசியில் ஸ்டீரோயிட் கலந்தால் சில நாளுக்குச் சீனி ஏறும்.

இன்னொன்று, அன்று அம்மாவின் வலது கண் இமை கீழே இறங்கும், குரல் அடைக்கலாம். மருந்து அந்த நரம்பு முடிச்சில் வேலை செய்கிறது என்பதற்கு அந்த இமை ஓர் அடையாளம், சில மணி நேரத்தில் தானாகப் போய்விடும். என் கணவர் அதைப் பார்த்துப் பக்கவாதம் என்று நினைத்து, கொழும்பு றோட்டில் நின்று அழுதுவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லி வையுங்கள். போய் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா