மூக்கைத் தொட்டால் பதினாலு

கேள்வி: பப்புவா நியூகினியில் 800 மொழிகளுக்கு மேல் இருக்கின்றனவாம். மலைக்கிராமப் பள்ளிகளில் எந்த மொழியில்தான் பாடம் நடத்துவார்கள்? பேசாமல் ஒரே மொழி என்று வைத்துவிட்டால் தொல்லை விட்டதல்லவா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: வைத்தும் பார்த்துவிட்டார்கள். 2013-ல் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று அரசு மாற்றியது. நாட்டில் பாதிப்பேருக்கு மேல் புழங்கும் டோக் பிசின் என்ற பொதுமொழியைக்கூட எடுக்கவில்லை, கவனித்தீர்களா?

உத்தரவு மலையேறச் சாலை தேவையில்லை, வாத்தியாருக்குத் தேவை. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலையே கிடையாது. பல ஊர்களுக்குக் குட்டி விமானம்தான், அதுவும் மேகம் வழிவிட்டால். அப்புறம் நடை. சம்பளம் நகரத்து வங்கியில் விழும். அதை எடுக்கப் போகிறவர் திரும்பி வரும்வரை பள்ளிக்குப் பூட்டு.

1990-களில் செய்த ஏற்பாடு இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பத்தாவது படித்த உள்ளூர்க்காரரையே ஆசிரியராக்கி, முதல் மூன்று வருடம் 'டோக் பிளெஸ்', அதாவது அந்த ஊர்ப் பேச்சில் பாடம். மொழிச் சிக்கல், தூரச் சிக்கல் இரண்டுக்கும் ஒரே மருந்து. அவர் வீடே அங்கேதானே, எங்கே ஓடுவார்? 400-க்கும் மேற்பட்ட மொழிகளில் நடந்தது. படம் மட்டும் அச்சடித்த புத்தகத்தில் அந்தந்த மொழிக்காரர்கள் வாசகத்தை நிரப்பிக்கொண்டார்கள். குறை இல்லாமலில்லை: பயிற்சி கொஞ்சம், புத்தகம் அதைவிடக் கொஞ்சம். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்றதும் பழி முழுவதும் தாய்மொழி தலையில் விழுந்தது. பயிற்சிக்கும் புத்தகத்துக்கும் காசு போடாதவர்களை யாரும் கேட்கவில்லை.

ஒக்சாப்மின் என்றொரு மலைப்பகுதி. அங்கே எண்கள் உடம்பில் இருக்கின்றன. ஒரு கையின் கட்டைவிரல் 1, மணிக்கட்டு 6, தோள் 10, காது 12, மூக்கு 14. பிறகு மறுபக்கம் இறங்கி அந்தக் கைச் சுண்டுவிரலில் 27. மூக்கைத் தொட்டு 14 என்று காட்டத் தெரிந்த பிள்ளையிடம் கரும்பலகையில் 'ஃபோர்டீன்' எழுதி, சொல்லு என்றால்? பிள்ளை விழிக்கும். கணக்கு வராத பிள்ளை என்று வாத்தியார் குறித்துக்கொள்வார்.