கையை அசைக்காமல் வைத்திருந்தால் வீக்கம் வராதா?

கேள்வி: எனக்கு வயது 47. மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை முழுதாக அகற்றி, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்து 12 நாள் ஆகிறது. புண்ணில் ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் இன்னும் இருக்கிறது. நேற்று அதில் 45 மில்லி வந்தது. அடுத்த மாதம் கீமோ, பிறகு ரேடியேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். "அந்தக் கையை அசைத்தால் வீங்கிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் குறையாது" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வதால் கையை நெஞ்சோடு மடித்தே வைத்திருக்கிறேன். மருத்துவமனையில் கொடுத்த பயிற்சித் தாளைப் பயத்தில் இன்னும் பிரிக்கவில்லை. மேல்கையின் உள்பக்கம் மரத்துக் கிடக்கிறது. நான் செய்வது சரியா? கீமோ நாட்களில் எதைக் கவனிக்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தோழிக்கு,

சரியில்லை. அந்தத் தாளை இன்றைக்கே பிரியுங்கள். 12 நாள் வீணாகிவிட்டதே என்று வருந்த வேண்டாம், இப்போது தொடங்கினாலும் தோள் வழிக்கு வந்துவிடும். இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டால்தான் பாடு.

அறுவை செய்த இடத்தில் உருவாகும் தழும்பு, ஆற ஆறச் சுருங்கும். கை உடம்போடு ஒட்டியே இருந்தால் அந்த நிலையிலேயே சுருங்கி, நெஞ்சுத் தசையையும் அக்குளையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தோள்மூட்டும் இறுகும். ரேடியேஷனுக்குப் போகும்போது மேசையில் படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சில நிமிடங்கள் அசையாமல் வைத்திருக்கச் சொல்வார்கள். கை அந்த உயரத்துக்குப் போகாவிட்டால் சிகிச்சை தொடங்குவதே தள்ளிப்போகலாம். கீமோ முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பார்க்க வருகிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குழாய் உள்ளே இருக்கும்வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்குவது, பாரம் எடுப்பது இரண்டும் கூடாது. நீர் அதிகமாகச் சுரக்கும். ஆனால் தோள் உயரம் வரைக்கும் கை உங்களுடையது. தலை சீவலாம், முகம் கழுவலாம், சாப்பிடலாம், சட்டைப் பொத்தான் போடலாம். இவையே பயிற்சிதான். இதோடு தோள்களைக் காதுவரை உயர்த்தி இறக்குவது, முன்னும் பின்னும் உருட்டுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது எல்லாம் ஒவ்வொன்றும் 5 முதல் 7 தடவை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. வலப்பக்கம் சாய்ந்து படுத்து, இடது கையைத் தலையணைகளின் மேல் இதயத்தைவிட உயரமாக வைத்துக்கொண்டு, விரல்களை இறுக மூடித் திறப்பது 20 தடவை. நிணநீரை, அதாவது திசுக்களிலிருந்து வடிந்து நெறிக்கட்டிகள் வழியாக இரத்தத்துக்குத் திரும்பும் நீரை, தள்ளி அனுப்புவதில் தசை சுருங்கி விரிவதற்குப் பெரிய பங்கு உண்டு. அசையாத கையில் அந்தத் தள்ளல் குறைந்துபோகும். வீங்கக் கூடாது என்று கையை மடக்கி வைத்தால் நடப்பது இதற்கு நேர்மாறு.

இழுப்பது போல இருக்கிற இடம்வரை போய், அங்கே ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, திரும்புங்கள். குத்துகிற வலி வந்தால் கொஞ்சம் பின்வாங்குங்கள். வலி மாத்திரை கொடுத்திருந்தால் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு செய்வதில் யாரும் பதக்கம் தரப்போவதில்லை.

குழாய் விஷயம். 12-ஆம் நாளில் 45 மில்லி வருவது அதிசயமல்ல. பெரும்பாலான மருத்துவர்கள் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் எடுக்கிறார்கள். நாள்பட்டால் குழாய் வழியே கிருமி புக வாய்ப்பு கூடும் என்பதால், இரண்டு மூன்று வாரம் ஆனதும் அளவு பார்க்காமலே எடுப்பவர்களும் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் அளந்து, தேதியோடு எழுதுங்கள். நிறத்தையும் எழுதுங்கள். சிவப்பு வெளிறி, இளஞ்சிவப்பாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும். வெளிறிய நீர் மறுபடி இரத்தச் சிவப்பானாலோ, கலங்கி நாற்றம் அடித்தாலோ உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

நன்றாக வந்துகொண்டிருந்த குழாயில் ஒரு நாள் திடீரென்று 5 மில்லிதான் என்றால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இரத்தக் கட்டி அடைத்திருக்கும், அல்லது குழாயின் முனையில் உள்ள குடுவையில் உறிஞ்சும் சக்தி போயிருக்கும். குழாயைத் தோலருகே ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் குடுவை நோக்கி வழித்து விடுங்கள். தோலருகே பிடிக்காமல் வழித்தால் தையல் இழுபடும். குடுவையைக் காலி செய்ததும் நன்றாக அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே மூடியைப் போடுங்கள். அது பந்துபோல உப்பியிருந்தால் எதையும் உறிஞ்சாது.

குழாய் எடுத்த பிறகு சில நாளில் அந்த இடம் தண்ணீர்ப் பை போலத் தளும்பலாம். அதுவும் குழாயில் வந்த அதே நீர்தான், நோய் திரும்பியதல்ல. சிறிதாக இருந்தால் தானே வற்றும். இறுக்கிப் பிடித்தால் மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். நீங்களாக அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

குழாய் போனதும், மருத்துவர் சரி என்றதும், சுவர்ப் பயிற்சி. சுவரைப் பார்த்து ஒரு சாண் தள்ளி நின்று, விரல்களால் ஊர்ந்து மேலே போங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு சுவருக்குப் பக்கவாட்டில் நின்று அதையே செய்யுங்கள். பக்கவாட்டில் தூக்குவதுதான் கடைசியாகத் திரும்பும், அதனால் அந்தக் கோடு தாழ்வாக இருப்பதைப் பார்த்து மலைக்காதீர்கள். தோளைக் காதருகே தூக்கிக்கொண்டு கையை உயர்த்துவது எல்லோரும் செய்யும் தப்பு. உயரம் கிடைத்ததுபோலத் தெரியும், மூட்டு அசைந்திருக்காது. கண்ணாடி முன் ஒரு முறை செய்து பாருங்கள்.

இந்த வாரங்களில் ஒரு நாள் கையைத் தூக்கும்போது அக்குளில் கயிறு கட்டியது போல ஒன்று விறைத்து நிற்கலாம். சிலருக்கு அது முழங்கைவரை, ஏன் மணிக்கட்டுவரைகூட ஓடும். பார்த்தால் பயமாக இருக்கும்; ஆபத்தில்லை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் மறைந்துவிடும். பயிற்சியை நிறுத்தாமல், பிசியோதெரபிஸ்டிடம் காட்டி மெதுவாக நீட்டிவிடச் சொல்லுங்கள்.

மேல்கை மரத்துப் போனதற்குக் காரணம், அக்குள் வழியே தோலுக்குப் போகும் உணர்வு நரம்பு அறுவையில் வெட்டுப்பட்டோ இழுபட்டோ இருப்பது. கையின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில மாதங்களில் பரப்பளவு குறையலாம், ஒரு பகுதி அப்படியே தங்கியும் விடலாம். அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சூடு தெரியாமல் வெந்துவிடும். அக்குள் முடியை எடுப்பதானால் பிளேடு வேண்டாம், மின் டிரிம்மர் போதும்.

இனி, நீங்கள் பயப்படும் நிணநீர் வீக்கம். அக்குள் நெறிக்கட்டிகளை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது வருகிறது. நிணநீர் முதலில் வந்து சேரும் ஓரிரு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான். அதாவது உங்களைப் போல மொத்தமாக எடுத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் வரும். ஆரம்பத்திலேயே பிடித்தால் அடக்கி வைக்கலாம். அதனால் கீமோ தொடங்கும் முன்பே இரண்டு கைகளையும் டேப்பால் அளந்துவிடுங்கள்: மணிக்கட்டு, முழங்கை மடிப்புக்கு 10 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே. மேசையில் கையை நீட்டி, டேப் தோலை அழுத்தாமல். அதிகம் பயன்படுத்தும் கை இயல்பாகவே சற்றுப் பெரிதாக இருக்கும் என்பதால், இன்றைய கணக்கோடு ஒப்பிடுவதே முக்கியம். மாதம் ஒரு முறை போதும், தினமும் அளந்தால் மனம்தான் வீங்கும். எந்த இடத்திலாவது 2 செ.மீ. கூடினால் காட்டுங்கள். டேப்பில் தெரியும் முன்பே கை கனப்பது, மோதிரமோ சட்டைக் கையோ இறுகுவது போன்ற குறிகள் வரலாம், அவற்றையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

வந்துவிட்டால், அளவெடுத்துத் தரும் அழுத்த உறை, பயிற்சி பெற்றவர் செய்யும் மென்மையான நீவல், தோல் பராமரிப்பு, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. நீர் பிரியும் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. உறையின் மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள், அது கயிறுபோல இறுக்கி வீக்கத்தைக் கூட்டும். கை திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தொற்று. அன்றைக்கே ஆன்டிபயாடிக் வேண்டும்.

அந்தக் கையில் ஊசி, இரத்த அழுத்தப் பட்டை கூடவே கூடாது என்று சொல்லியிருப்பார்கள். வலது கை இருக்கும்போது இடதை எதற்குத் தொட வேண்டும் என்ற அளவில் அதைப் பின்பற்றுங்கள். அவசரத்தில் ஒரு முறை போட்டுவிட்டார்கள் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதனால் வீக்கம் வந்ததற்குச் சமீபத்திய ஆய்வுகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. பாரம் தூக்குவதும் இப்படித்தான். ஏற்கெனவே வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், மேற்பார்வையோடு சிறுகச் சிறுக எடையைக் கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை, முற்றிப்போவதும் குறைந்தது. புண் முழுதாக ஆறி, மருத்துவர் அனுமதித்த பின் அரைக் கிலோவில் தொடங்குங்கள். இரண்டு மாதம் கையைப் பொத்தி வைத்துவிட்டு, ஒரே நாளில் வீட்டையே புரட்டிப் போடுவதுதான் கெடுதல்.

கீமோ நாட்களுக்கு முதலில் ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் (ஒரு சுற்று கீமோவுக்கும்) பிறகு சுமார் 7 முதல் 14 நாள்வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது வரும் தொற்றுக்குச் சீழ், சிவப்பு என எந்த அடையாளமும் இல்லாமல் காய்ச்சல் மட்டுமே குறியாக இருக்கலாம், சில மணி நேரத்தில் முற்றியும் விடும். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று பார்ப்பது, அந்த ஒரே குறியையும் அழித்துவிடுகிற வேலை. வாசலிலேயே, "கீமோ எடுக்கிறேன், காய்ச்சல்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். காய்ச்சலே இல்லாமல் நடுக்கம் வந்தாலும் போக வேண்டும்.

மருந்து ஏறும்போது ஊசி இடத்தில் எரிச்சலோ வலியோ வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சில மருந்துகள் இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் திசுவைப் புண்ணாக்கும். சிவப்பு நிற டாக்ஸோரூபிசின் ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். வாய்ப்புண்ணுக்கு ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு போட்டு நாளுக்கு நாலைந்து முறை கொப்பளிக்கலாம். பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து எடுக்கும்போது விரல் நுனி மரத்து, பொத்தான் போடத் தடுமாறினால் அடுத்த சைக்கிளுக்கு முன்பே சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றலாம்; சொல்லாமல் விட்டால் மரமரப்பு தங்கிவிடக்கூடும்.

ரேடியேஷனில் தோல் கறுப்பதும் எரிவதும் கடைசி நாளோடு நிற்காது, முடிந்து ஓரிரு வாரம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். முடிந்ததே, ஏன் இன்னும் கூடுகிறது என்று பதற வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது குழாய் அளவு எழுதிய தாள், கையின் அளவுகள், நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல் (சத்து மாத்திரை, மூலிகைப் பொடி உட்பட) மூன்றையும் எடுத்துப் போங்கள். "என் கட்டியில் ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொண்டு கட்டி வளர உதவுவது) இருக்கிறதா? இருந்தால் ஹார்மோன் தடுப்பு மாத்திரை எத்தனை வருடம்?" என்று கேளுங்கள். அந்த மாத்திரை டாமாக்சிஃபென் என்றால், மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்றவை அதன் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால் அந்தப் பட்டியல் அப்போதும் தேவைப்படும். கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க எந்தத் தேதியிலிருந்து அனுமதி என்பதையும் கேட்டு, அந்தப் பயிற்சித் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.